சூடேறும் கண்ணாடி மென்படலங்களிலிருந்து வெளியேறும் வாயு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கண்ணாடியைப் பற்றிய பக்கம் இது?

சிலிக்கான் வேஃபர்களின் (சில்லுகள் செய்யப்படும் மெல்லிய வட்டத் தகடுகளின்) மீதும் திரைப் பலகைகளின் மீதும் மின்காப்புக்காகவோ பாதுகாப்புக்காகவோ படியவைக்கப்படும், ஒரு மைக்ரான் அளவிலோ அதற்கும் குறைவாகவோ தடிமன் கொண்ட சிலிக்கான் டைஆக்சைடு படலங்களைப் பற்றியது. இவை நான்கு வழிகளில் உருவாகின்றன. சிலிக்கானையே உலையில் 900 முதல் 1100 டிகிரி செல்சியஸில் ஆக்சிஜனேற்றி வளர்ப்பது ஒன்று. சிலேன் வாயுவையோ டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் (ஆலைகளில் சுருக்கமாக ‘டியாஸ்’) என்னும் திரவத்தின் ஆவியையோ சிதைத்துப் படியவைக்கும் சி.வி.டி. (வேதி ஆவிப் படிவு) முறை இரண்டாவது. திரவமாக ஊற்றி, வேஃபரைச் சுழற்றிப் பரப்பி, பிறகு சுட்டெடுக்கும் ஸ்பின்-ஆன் கண்ணாடி மூன்றாவது. கண்ணாடி இலக்கை ஆர்கான் அயனிகளால் தாக்கி உதிர்க்கும் ஸ்பட்டரிங் நான்காவது. பெயரளவில் நான்கும் ஒரே பொருள்தான் என்றாலும், சூடேற்றும்போது அவை நடந்துகொள்ளும் விதம் வெகுவாக வேறுபடும்.

கண்ணாடி திடப்பொருள்தானே, அதற்குள் வாயு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலோர் நினைப்பதுபோல இது மேற்பரப்பில் ஒட்டிய அழுக்கு மட்டும் அன்று. வாயுவின் பெரும்பகுதி கண்ணாடியின் பின்னல் முழுமையடையாமல் நின்றுபோனதன் விளைவு. குறையற்ற சிலிக்கா கண்ணாடியில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடும், ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான்களோடும் பிணைந்திருக்கும். 400 டிகிரியில் அவசரமாகப் படியவைத்த படலத்தில் அந்தப் பிணைப்பு எல்லா இடத்திலும் நிறைவேறுவதில்லை. முடிவடையாத முனைகளில் ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டிக்கொள்கிறது. சிலிக்கானோடு பிணைந்த இந்த ஹைட்ராக்சிலைச் சிலனால் என்பார்கள்.

அருகருகே உள்ள இரண்டு சிலனால்கள் போதிய வெப்பம் கிடைத்தால் ஒன்றோடொன்று வினைபுரிந்து, சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பாலத்தை அமைத்துக்கொண்டு, ஒரு நீர் மூலக்கூற்றை வெளியே தள்ளுகின்றன. இதே வினை எதிர்த்திசையிலும் நடக்கும்: காற்றிலுள்ள ஈரம் படலத்துக்குள் ஊடுருவி, இறுக்கமான நிலையில் இருக்கும் பாலங்களை உடைத்து இரண்டு சிலனால்களாக மாற்றும். இந்தப் பக்கத்தில் பேசப்படும் பெரும்பாலான தொல்லைகள் இந்த ஒரு வினையின் இரு திசைகளுக்குள் அடங்கிவிடும். படலம் எவ்வளவு நெகிழ்வாகவும் துளைகளோடும் இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக இரு திசையிலும் வினை நடக்கும். ஓசோனும் டியாஸும் சேர்த்துப் படியவைக்கப்படும் படலங்கள் இதற்குப் பேர்போனவை. குறுகிய பள்ளங்களை அழகாக நிரப்புவதால் அவை விரும்பப்பட்டன. ஈரத்தை உறிஞ்சுவதால் அவற்றைச் சபிக்காதவர்களும் இல்லை.

எந்த வெப்பநிலையில் எது வெளிவரும்?

ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது என்றாலும் பொதுவான ஒழுங்கு உண்டு. ஏறத்தாழ 200 டிகிரிக்குள் வெளிவருவது மேற்பரப்பிலும் பெரிய துளைகளிலும் வெறுமனே ஒட்டியிருந்த நீர். அங்கிருந்து 400 டிகிரி வரை வெளிவருவது, நுண்துளைகளுக்குள் சிலனால்களோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டிருந்த நீரும், நெருங்கியிருந்த சிலனால்கள் இணைந்து உருவாக்கும் நீரும் ஆகும். அதற்கு மேல், 500 டிகிரியைத் தாண்டி 800 வரையிலும் சில படலங்களில் அதற்கு மேலும், தனித்தனியாகச் சிதறியிருந்த சிலனால்கள் ஒன்றையொன்று எட்டி வினைபுரியும்போது கடைசித் தவணை வெளியேறுகிறது.

வெளியேறும் மொத்த அளவைவிட, அது எந்த வெப்பநிலையில் வெளியேறுகிறது என்பதே உற்பத்தியாளருக்கு முக்கியம் என்பது எங்கள் கருத்து. 700 டிகிரியில் மட்டுமே நீரை விடும் படலம், அதற்குப் பிறகு 400 டிகிரிக்கு மேல் சூடேறப் போவதில்லை என்றால், நடைமுறையில் வறண்ட படலம்தான். மொத்தத்தில் அதைவிடக் குறைவான நீரைக் கொண்டிருந்து, அதை 300 டிகிரியில் விடுகின்ற படலமே ஆபத்தானது.

ஒரு மைக்ரான் படலத்தில் அப்படி எவ்வளவுதான் இருந்துவிடும்?

கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேஃபரின் ஒரு முகப் பரப்பு சுமார் 707 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் ஒரு மைக்ரான் கண்ணாடி இருந்தால், அடர்த்தியை கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராம் என்று கொண்டால், படலத்தின் எடை ஏறத்தாழ 0.155 கிராம். அதில் எடைப்படி நூற்றில் ஒரு பங்கு நீர் என்று வைத்துக்கொள்வோம், 1.55 மில்லிகிராம் கிடைக்கிறது. அறை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், அத்தனை மூலக்கூறுகள் கொண்ட வாயுவின் பருமன் சுமார் 2 மில்லிலிட்டர் மட்டுமே.

அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் 100 லிட்டர் கொள்ளளவுள்ள வெற்றிடக் கலத்தில், பம்பு எதையும் இழுக்காத நிலையில் அதை விடுவித்தால் அழுத்தம் 2 பாஸ்கலைத் தாண்டும். உலோகம் பூசும் கலங்களின் அடிப்படை அழுத்தம் 10⁻⁶ பாஸ்கல் அளவில் இருக்க வேண்டும் என்று ஆலைகள் பாடுபடுகின்றன. இது அதைப்போல் 20 லட்சம் மடங்கு. ஸ்பட்டரிங்குக்காக வேண்டுமென்றே விடப்படும் ஆர்கானின் அழுத்தமே பெரும்பாலும் ஒரு பாஸ்கலுக்கு உட்பட்டது. வேறுவிதமாகச் சொன்னால், படலத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் கீழும் சுமார் 7×10¹⁶ நீர் மூலக்கூறுகள் காத்திருக்கின்றன. மேற்பரப்பை ஒற்றை அடுக்காக மூட 10¹⁵ அளவே போதும் என்பதால், எழுபது அடுக்கு நீர் உள்ளே மறைந்திருக்கிறது என்று பொருள். மேற்பரப்பைத் துடைப்பதோ கழுவுவதோ இதற்கு மருந்தாகாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இந்த நீர் மின்னணுச் சாதனத்தில் என்ன கெடுதல் செய்கிறது?

பழைய, நன்கறியப்பட்ட கெடுதல் ‘வயா நஞ்சேறுதல்’. இரண்டு உலோக அடுக்குகளை இணைக்கக் கண்ணாடியில் துளையிட்டு, அந்த வயாவை அலுமினியத்தாலோ டங்ஸ்டனாலோ நிரப்பும்போது வேஃபர் சூடேறுகிறது. துளையின் பக்கச் சுவரில் திறந்து கிடக்கும் கண்ணாடி அந்த நேரம் பார்த்து நீராவியை விட்டால், அது அடியிலுள்ள உலோகத்தின் முகத்தை ஆக்சிஜனேற்றிவிடும் அல்லது உள்ளே இறங்க வேண்டிய உலோகத்தைத் தடுத்துவிடும். துளை வெளியிலிருந்து பார்க்க நிரம்பியதாகத் தோன்றினாலும், மின்தடை பல மடங்கு கூடியிருக்கும் அல்லது இணைப்பே இருக்காது. ஒரு சில்லில் லட்சக்கணக்கான வயாக்கள் இருக்கையில் ஒன்று கெட்டாலும் சில்லு கெட்டது.

இரண்டாவது கெடுதல் மெதுவானது. சோதனை மேசையைத் தாண்டி வாடிக்கையாளரிடம் போன பிறகே தெரியவருவது. படலத்திலிருந்து விடுபடும் நீர் மேல்நோக்கித்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. கீழே இறங்கி டிரான்சிஸ்டரின் கேட் ஆக்சைடை (அதன் கட்டுப்பாட்டு முனைக்கு அடியிலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை) அடைந்தால், அங்கே எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் பொறிகளை உண்டாக்கும். அதிவேக எலக்ட்ரான்களால் ஏற்படும் தேய்மானம் விரைவுபட்டு, சாதனத்தின் ஆயுள் குறையும்.

மின்காப்பின் தரமும் கெடும். வறண்ட வெப்ப ஆக்சைடின் (உலையில் சிலிக்கானிலிருந்தே வளர்த்த படலத்தின்) மின்காப்பு மாறிலி 3.9, நீரினுடையதோ அறை வெப்பநிலையில் 80 அளவில் இருப்பது. எனவே சிறிதளவு ஈரமே படலத்தின் மாறிலியை 4.5-க்கு மேல் தள்ளிவிடும்.

ஸ்பின்-ஆன் கண்ணாடிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெட்ட பெயர்?

அது தகுதியான பெயர்தான். 1980களில் அடுக்கடுக்காக உலோகக் கம்பிகளைப் பதிக்கத் தொடங்கியபோது மேடுபள்ளத்தை நிரப்ப மலிவான வழியாக அது வந்தது. திரவமாக இருப்பதால் பள்ளங்களில் தானாகவே ஓடி நிரம்பும். ஆனால் திரவத்திலிருந்து கண்ணாடியாக மாறும் வினை முழுவதும் நீரையும் ஆல்கஹாலையும் வெளியேற்றித்தான் நடக்க வேண்டும். கீழே அலுமினியம் இருப்பதால் சுடும் வெப்பநிலை ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அந்த வெப்பநிலையில் நீரை உலர்த்த முடியுமே தவிர, பின்னலை இறுக்கித் துளைகளை மூட முடியாது. எனவே சுட்டெடுத்த படலத்தை வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் மறுபடியும் ஈரம் ஏறிவிடும்.

சிலிக்கானோடு மெத்தில் தொகுதிகள் சேர்ந்த வகை இதற்கு ஒரு பரிகாரமாக வந்தது. மெத்தில் நீரை விலக்கும், விரிசலும் குறையும். ஆனால் வயாவைத் துளைத்த பின், துளையின் இடத்தைக் குறிக்கப் பூசிய ஒளித்தடுப்புப் பூச்சை நீக்க ஆக்சிஜன் பிளாஸ்மாவைப் பயன்படுத்தும்போது, அதே பிளாஸ்மா துளைச் சுவரிலுள்ள மெத்தில்களையும் எரித்துவிட்டு அந்த இடங்களில் சிலனாலை வைத்துவிடுகிறது. பாதுகாப்பு மிகவும் தேவையான இடத்திலேயே அது பறிபோகிறது. இதனால் பல ஆலைகள் ஸ்பின்-ஆன் கண்ணாடியைப் பூசியபின் மேலிருந்து அரித்து, பள்ளங்களில் மட்டும் அது தங்கும்படியும் வயா எதுவும் அதைத் தொடாதபடியும் அமைத்துக்கொண்டன. 1990களில், படலத்தைத் தேய்த்துச் சமதளமாக்கும் வேதி-எந்திர மெருகேற்றம் பரவியதும் இந்தச் சிக்கலிலிருந்து பெரும்பாலானோர் விடுபட்டனர். துளையுள்ள, குறைந்த மின்காப்பு மாறிலி கொண்ட இன்றைய படலங்களில் இதே பிளாஸ்மாச் சிக்கல் மீண்டும் வந்திருக்கிறது.

பாஸ்பரஸும் போரானும் கலந்த கண்ணாடிகள் எப்படி?

பாஸ்பரஸ் கலந்த கண்ணாடி சோடியம் அயனிகளைப் பிடித்துவைக்கும். 1000 முதல் 1100 டிகிரியில் இளகி ஓடி மேடுகளை மழுங்கச் செய்யும். போரானையும் சேர்த்தால் 850–950 டிகிரியிலேயே ஓடும். இளகும் அளவுக்குச் சூடேற்றப்படுவதால் ஆரம்பத்தில் இருந்த நீர் போய்விடும். இங்கே தொல்லை வேறு: சூட்டில் மேற்பரப்பிலிருந்து பாஸ்பரஸ் ஆக்சைடும் ஆவியாகிறது. சிலிக்கான்வரை திறந்திருக்கும் தொடுதுளைகளின் அடியில் அது படிந்தால், அங்கே சிலிக்கானில் போரான் கலந்த பகுதியின் கலப்பு அளவையே கெடுத்துவிடும்.

ஆறிய பிறகும் கவனம் தேவை. பாஸ்பரஸ் எடைப்படி நூற்றில் 7, 8 பங்கைத் தாண்டினால், படலம் ஈரத்தை உறிஞ்சிப் பாஸ்பாரிக் அமிலத்தை உண்டாக்கும். அது அலுமினியத்தை அரிக்கும். போரான் மிகுந்தால் மேற்பரப்பில் போரிக் அமிலப் படிகங்கள் முளைக்கும்.

நீரைத் தவிர வேறு வாயுக்கள் உண்டா?

உண்டு, அவை படலம் பிறந்த விதத்தைக் காட்டிக்கொடுக்கும். சிலேனிலிருந்து பிளாஸ்மாவில் படிந்த படலம் ஹைட்ரஜனை விடும். டியாஸிலிருந்து வந்த படலத்தில் சிதையாமல் எஞ்சிய எத்தாக்சித் தொகுதிகள் சூட்டில் உடைந்து எத்திலீனை விடும். ஸ்பட்டரிங் செய்த படலத்தில் ஆர்கான் சிக்கியிருக்கும். மெத்தில் கலந்த ஸ்பின்-ஆன் கண்ணாடி, அதிகச் சூட்டில் மீத்தேனை வெளியிடும்.

இவற்றில் ஹைட்ரஜனைத் தனியே கவனிக்க வேண்டும். 2004-இல் டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹிதேயோ ஹொசோனோவின் குழு இண்டியம்–காலியம்–துத்தநாக ஆக்சைடைக் கொண்டு வளையும் தாளின் மீது டிரான்சிஸ்டர்களை அமைத்துக் காட்டியது. இன்று பல திரைகளில் உள்ள அந்தப் பொருளில் ஹைட்ரஜன் நுழைந்தால் எலக்ட்ரான்களைக் கொடையளித்து, அணைக்கவே முடியாத டிரான்சிஸ்டராக்கிவிடும். எனவே அந்த அடுக்கைத் தொட்டிருக்கும் காப்புப் படலமாக, ஹைட்ரஜன் மிகுந்த சிலிக்கான் நைட்ரைடுக்குப் பதில் சிலிக்கான் ஆக்சைடையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆக்சைடும் எவ்வளவு ஹைட்ரஜனை விடுகிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

வெளியேறும் வாயுவை எப்படி அளக்கிறார்கள்?

பொதுவான முறை, வெப்ப விடுகை நிறமாலையியல்; சுருக்கமாக டி.டி.எஸ். ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டை மிக உயர்ந்த வெற்றிடத்தில் வைத்து, சீரான வேகத்தில் சூடேற்றி, வெளிவரும் மூலக்கூறுகளை நான்முனை நிறை நிறமாலைமானியால் நிறைவாரியாக எண்ணுவார்கள். நிறை எண் 2 ஹைட்ரஜன், 18 நீர், 40 ஆர்கான், 44 கார்பன் டைஆக்சைடு என்று வெப்பநிலைக்கு எதிரே தனித்தனி வளைகோடுகள் கிடைக்கும். அளவைத் துல்லியமாகச் சொல்ல, தெரிந்த அளவு ஹைட்ரஜன் அயனிகளைச் செலுத்திய சிலிக்கான் துண்டை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது வழக்கம்.

அந்த வளைகோடுகளைப் படிப்பதில் எங்கே ஏமாற நேரும்?

முதலாவதாக, நிறை எண் 28. நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் மூன்றும் அங்கேதான் விழும். கூடவே 14 எழுந்தால் நைட்ரஜனையும், 12 எழுந்தால் கார்பன் மோனாக்சைடையும், 26-உம் 27-உம் சேர்ந்து எழுந்தால் எத்திலீனையும் சந்தேகிக்கலாம். நிறை எண் 17-ஐக் கண்டு அம்மோனியா என்று முடிவுகட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. நீர் மூலக்கூறே கருவியின் அயனியாக்கியில் உடைந்து, 18-இன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு 17-ஐயும் தரும். விகிதம் அதைவிடக் கூடினால் மட்டுமே அம்மோனியாவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெப்பநிலை இரண்டாவது பொறி. போரான், பாஸ்பரஸ் போன்றவை குறைவாகவே கலந்த சிலிக்கான், சூடேறாத நிலையில் அகச்சிவப்புக் கதிரை ஊடுருவ விடும். விளக்கின் கதிர் துண்டைத் தாண்டிப் போய்த் தாங்கியைச் சூடாக்க, தாங்கியில் உள்ள வெப்பமானி துண்டைவிடப் பல பத்து டிகிரி கூடுதலாகக் காட்டக்கூடும். இரண்டு ஆய்வகங்களின் உச்சங்கள் ஒத்துப்போகவில்லை என்றால், படலத்தைக் குறைசொல்லும் முன் இதைச் சரிபாருங்கள்.

குழாய் உலையில் படியவைத்த படலம் வேஃபரின் இரு முகங்களிலும் இருக்கும் என்பதை மறந்து, ஒரு முகத்தின் பரப்பால் வகுத்துவிடுவதும் உண்டு. அளவு இரட்டிப்பாகிவிடும்.

உச்சங்களிலிருந்து ஆற்றலைக் கணக்கிட, கனடாவைச் சேர்ந்த பால் ரெட்ஹெட் 1962-இல் வெளியிட்ட சூத்திரத்தைப் பலரும் எடுத்தாளுகின்றனர். அது மேற்பரப்பிலிருந்து விடுபடும் மூலக்கூறுகளுக்கானது. படலத்தின் ஆழத்திலிருந்து ஊடுருவி வரும் நீரில், வேகத்தை நிர்ணயிப்பது வினையா ஊடுருவலா என்று தெரியாமல் அந்தச் சூத்திரத்தைப் போட்டால், கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இருக்காது. அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரே செய்முறையில் இரண்டு தடிமன்களில் படலத்தைத் தயாரித்து ஒப்பிடுங்கள். நீரின் அளவு தடிமனோடு கூடினால் அது படலத்தின் உள்ளிருந்து வருகிறது; மாறாமல் இருந்தால் மேற்பரப்பிலிருந்தோ கலத்தின் சுவரிலிருந்தோ வருகிறது.

டி.டி.எஸ். கருவி இல்லாத ஆய்வகம் என்ன செய்யலாம்?

அகச்சிவப்பு நிறமாலைமானி பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கும். அலை எண் (செ.மீ.⁻¹ அலகில்) 3650-க்கு அருகே கூர்மையான உச்சம் தனித்த சிலனாலையும், 3400 சுற்றிலும் அகன்ற மேடு ஹைட்ரஜன் பிணைப்பில் உள்ள நீரையும் சிலனாலையும், 930–940 அருகே உள்ள தோள் மறுபடியும் சிலனாலையும் காட்டும். படியவைத்த உடனும், ஒரு வாரம் திறந்து வைத்த பின்னும் எடுத்த இரண்டு நிறமாலைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், படலம் எவ்வளவு ஈரம் குடித்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

அதுவும் இல்லையென்றால் நீர்த்த ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் அரிபடும் வேகம் நல்ல குறியீடு. வெப்ப ஆக்சைடைவிடப் பல மடங்கு வேகமாகக் கரையும் படலம் நெகிழ்வானது. நீரை விடும் என்று எதிர்பார்க்கலாம். அந்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் எலும்பு வரை சென்று கெடுக்கக்கூடியது என்பதால், உரிய பாதுகாப்பும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

சூடேற்றியதும் படலம் கொப்பளிக்கிறது, சில சமயம் பிளக்கிறது. ஏன்?

இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு. வாயு வெளியேறும் வேகத்தைவிட உருவாகும் வேகம் மிகும்போது, ஒட்டுதல் பலவீனமான இடத்தில் அது தேங்கிப் படலத்தைத் தூக்கிவிடும்; இதுவே கொப்புளம். ஈரப்பானையைச் சூளையில் வைத்தால் வெடிக்கும் என்று குயவர்கள் நிழலில் உலர்த்திய பின்பே சுடுவதைப்போல, இங்கும் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றுவதுதான் வழி.

பிளப்போ, வாயு போய்விட்ட பிறகு வருவது. நீர் வெளியேறிப் பின்னல் இறுகும்போது படலம் சுருங்க முயல்கிறது. கீழே உள்ள சிலிக்கான் விட்டுக்கொடுக்காததால் படலம் இழுவிசைக்கு உள்ளாகிறது. தடிமன் கூடக்கூட, சேமிக்கப்படும் ஆற்றலும் கூடி விரிசல் விழும். மெத்தில் கலவாத ஸ்பின்-ஆன் கண்ணாடியை ஒரே பூச்சில் அரை மைக்ரானுக்கு மேல் போட வேண்டாம் என்பது இதனால்தான்.

அப்படியானால் முன்கூட்டியே சுட்டு உலர்த்தினால் போதுமா?

போதும், மூன்று நிபந்தனைகளோடு. உலர்த்தும் வெப்பநிலை, அந்தப் படலம் இனி எதிர்கொள்ளப்போகும் எல்லா வெப்பநிலைகளையும்விட உயர்ந்ததாக இருக்க வேண்டும். 400 டிகிரியில் உலோகம் பூசப்போகும் வேஃபரை 250 டிகிரியில் மணிக்கணக்கில் சுட்டாலும், 250-க்கும் 400-க்கும் இடையே வெளிவர வேண்டிய நீர் அப்படியே உள்ளே இருக்கும். நேரத்தைக் கூட்டி வெப்பநிலைக் குறைவை ஈடுகட்டலாம் என்ற நம்பிக்கையே இந்தத் துறையில் அதிகமான வேஃபர்களைக் குப்பைக்கு அனுப்புகிறது என்று தோன்றுகிறது.

நேரத்துக்கும் இடமுண்டு. ஊடுருவலால் வெளியேறும் வாயுவுக்குத் தேவையான நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. படலம் இரு மடங்கு தடித்தால் நான்கு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். கடைசி நிபந்தனை, உலர்த்திய பின் காற்றைக் காட்டாமல் அடுத்த அடுக்கைப் போடுவது. உலோகம் பூசும் எந்திரங்களில் வாயு நீக்கும் கலமும் பூசும் கலமும் ஒரே வெற்றிடத்துக்குள் இணைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. அந்த வசதி இல்லையென்றால் வறண்ட நைட்ரஜனில் வைத்து, காத்திருப்பு நேரத்துக்குக் கண்டிப்பான வரம்பு விதிக்க வேண்டும். உலோகம் இன்னும் பூசப்படாத நிலையில் 800 டிகிரிக்கு மேல் சூடேற்ற வாய்ப்பு இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். அப்போது படலமே இறுகிவிடுவதால் மீண்டும் ஈரம் ஏறுவது பெருமளவு நின்றுபோகும்.

மேலே நைட்ரைடு படலத்தால் மூடிவிட்டால் தொல்லை தீராதா?

வெளியீரம் உள்ளே வருவதை நைட்ரைடு தடுக்கும். உள்ளே இருப்பது வெளியே போவதையும் அதே திறமையோடு தடுக்கும். உலர்த்தாத கண்ணாடியின்மேல் நைட்ரைடைப் போட்டால், அடுத்த சூடேற்றத்தில் நீர் மேலே வழியின்றிக் கீழேயுள்ள டிரான்சிஸ்டரை நோக்கித் திரும்பும் அல்லது மூடியைத் தூக்கும். கண்ணாடிக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையே, சிலிக்கான் சற்று மிகுந்த பிளாஸ்மா ஆக்சைடை மெல்லிய அடுக்காகப் போடுவது சிறந்த ஏற்பாடு. அதன் நிறைவுறாத பிணைப்புகள் இறங்கிவரும் நீரோடு வினைபுரிந்து அதை அங்கேயே நிறுத்திவிடும்.

மூடிய குழிகள் கொண்ட உணரிகளில் இதே சிக்கல் வருமா?

இன்னும் கடுமையாக வரும், ஏனென்றால் அங்கே பம்பு இல்லை. கோணவேக உணரி போன்ற நுண்ணியந்திரச் சாதனங்களில் அசையும் பகுதி, இரண்டு வேஃபர்களை ஒட்டி உருவாக்கிய வெற்றிடக் குழிக்குள் இருக்கும். குழியின் ஆழம் 10 மைக்ரான் என்றும், மேலும் கீழும் அரை மைக்ரான் படலம் என்றும், அதில் எடைப்படி நூற்றில் ஒரு பங்கு நீர் என்றும் கொள்வோம். அந்த நீர் முழுவதும் வெளியேறிச் சிலிக்கானோடு வினைபுரிந்து ஹைட்ரஜனாக மாறினால், குழிக்குள் அழுத்தம் 3 வளிமண்டலத்தை எட்டும். நூற்றில் ஒரு பங்கு மட்டுமே வெளியேறினாலும் 3000 பாஸ்கல். சில நூறு பாஸ்கலுக்குள் இயங்க வேண்டிய சாதனத்துக்கு அதுவே அதிகம். ஒட்டும் முறையும் வாயுவைச் சேர்க்கலாம்: சோடியம் கலந்த போரோசிலிகேட் கண்ணாடியைச் சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தில் சிலிக்கானோடு ஒட்டும்போது ஆக்சிஜன் வெளியாகிறது.

குழிக்குள் வாயுவை உறிஞ்சும் டைட்டானியம் அல்லது சிர்க்கோனியம் பூச்சு வைப்பது வழக்கம். அது ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நீரையும் விழுங்கும்; ஆர்கானைத் தொடவே தொடாது. ஆகவே குழியின் உட்சுவரில் ஸ்பட்டரிங் செய்த கண்ணாடியை வைக்க நேர்ந்தால், ஒட்டும் வெப்பநிலைக்கு மேல் அதை முன்னரே சுட்டு, ஆர்கான் வளைகோடு கீழிறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே மூடியை ஒட்ட வேண்டும்.